கோடு போடுகிறவள்

அந்தப் பேருந்து நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் ‘கோடு’ எழுதுகிறவர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். கோடு போடுகிறவள் ஒருத்திதான். அதனாலேயே அவளுக்குக் ‘கோடு மேடம்’ என்று பெயர் வந்தது. பெயர் வைத்தவர் பக்கத்து இருக்கையில் வண்டிகளின் ஓட்டத்துக்கு அறிக்கை தயாரிக்கும் அறிக்கைக்காரர். காலையில் பையைக் கீழே வைக்கும் முன்பே, “கோடு எங்க நிக்குது மேடம்?” என்று கேட்பார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அது என்ன கோடு என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அவளைப் பற்றிச் சொல்வதில் பாதி விளங்காது.

ஒவ்வொரு பேருந்திலும் டிரைவர் இருக்கைக்கு அடியில், சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். வண்டி நின்றது, கதவு திறந்தது, கதவு மூடியது, கிளம்பியது என்று எல்லாவற்றையும் அது அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நகரம் முழுக்க ஓடும் வண்டிகளிலிருந்து இந்தச் சேதிகள் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை வந்து கொட்டும். அவற்றை வாங்கி டேட்டாபேஸில் எழுதிவைப்பது அவளுடைய வேலை. இதில் என்ன பிரமாதம் என்று தோன்றும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

சேதிகள் வரிசையில் வந்தால் பிரமாதம் இல்லைதான். ஆனால் ஒரு வண்டி சுரங்கப் பாதைக்குள் நுழையும், இன்னொன்று மலைக்குப் பின்னால் போகும். சிக்னல் போய்விடும். பெட்டி பாவம், சொல்ல வேண்டியதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாகக் கக்கும். காலையில் நடந்தது மத்தியானம் வந்து சேரும். ஆகவே ஒவ்வொரு சேதிக்கும் இரண்டு நேரம் உண்டு. ஒன்று நடந்த நேரம், மற்றது வந்த நேரம். வந்த நேரத்தை நம்பிக் கணக்கெழுதினால், காலையில் ஓடிய வண்டி மத்தியானம் ஓடியதாகிவிடும். நடந்த நேரம்தான் நிஜம்.

சரி, காலை பத்து மணி வரை நடந்ததெல்லாம் வந்துவிட்டதா, இன்னும் ஏதாவது வழியில் இருக்கிறதா? இதை யார் சொல்வது? அதைச் சொல்வதுதான் கோடு. டேட்டாபேஸின் ஒரு மூலையில் ஒற்றை வரி: ‘இந்த நேரம் வரை நடந்தவை எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று.’ சேதிகள் வர வர அவளுடைய நிரல் அந்த நேரத்தை மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கோடு தாண்டிய பிறகுதான் அறிக்கைக்காரர் அந்த நேரத்து அறிக்கையைத் தொடலாம். சேதியை எழுதுவதும் கோட்டை நகர்த்துவதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில் அவள் பிடிவாதக்காரி. சேதி உள்ளே போகாமல் கோடு மட்டும் நகர்ந்துவிட்டால் அது பொய்ச் சாட்சி என்பாள். அந்த விஷயத்தில் மேலதிகாரியே வந்தாலும் மசியமாட்டாள்.

இந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று சொன்னால் மிகையில்லை. சின்ன வயதிலிருந்தே நிதானம். ஒரு கேள்வி கேட்டால் யோசித்து, எச்சில் விழுங்கி, அப்புறம்தான் பதில் வரும். கல்யாணம் ஆகாமல் போனதற்குக்கூட அதுதான் காரணம் என்று அவளுடைய அக்கா சொல்வாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கு இவள் யோசித்துப் பதில் சொல்வதற்குள் அவர்கள் வேறிடத்தில் முடித்துவிட்டார்களாம். அக்கா நேர் எதிர். வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் நிற்பவள். நீங்கள் சொல்லும் வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள். அப்பா இரண்டு பேருக்கும் பட்டம் வைத்திருந்தார். பெரியது அவசரக்குடுக்கை, சின்னது அசமந்தம். வெளியாட்கள் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர்கள்.

அப்பா முடிதிருத்துகிறவர். அந்த வட்டாரத்தில் கத்திரி பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் இவரிடம் ஆட்கள் வந்து காத்துக் கிடந்தது கத்திரிக்காக இல்லை, வாய்க்காக. கேள்வி முடியும் முன்பே பதில் வந்து நிற்கும். “முன்னாடி ரொம்ப முடி கொட்டுதுங்க, என்ன பண்றது?” என்று ஒருவர் அழாத குறையாகக் கேட்டால், “நீங்க கொட்டுங்க, கூட்டறது என் வேலை” என்பார். வெட்டி முடித்துத் துணியை உதறியதும் எல்லோருக்கும் ஒரே வழியனுப்பல்தான். “போயிட்டு வாங்க. வரும்போது தலையைக் கொண்டு வாங்க.” நூறு தடவை கேட்டவர்களும் கை தன்னிச்சையாகத் தலைக்குப் போக, சிரித்துக்கொண்டே படியிறங்குவார்கள். மகள்கள் பள்ளிக்கூடம் போகும்போதும் அதே பாட்டுத்தான். “போயிட்டு வா. வரும்போது தலையைக் கொண்டு வா.”

அந்த வாய்தான் ஒரு காலையில் கோணிக்கொண்டது. பக்கவாதம். கத்திரி பிடித்த கை விழுந்தது, கால் இழுத்துக்கொண்டது, பேச்சு நின்றது. கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சும் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் திரும்பிய விதம்தான் விசித்திரம்.

“இன்னிக்கு என்ன கிழமைப்பா?” என்று கேட்டால் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சரி போகட்டும் என்று கொஞ்ச நேரம் கழித்து, “தண்ணி வேணுமாப்பா?” என்றால், “செவ்வாய்” என்பார். தண்ணீர் டம்ளரோடு வந்து, “வாயைத் திறங்கப்பா” என்றால், வாயைத் திறந்து, “வேணும்” என்பார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இருக்காது. மருத்துவமனையில் டாக்டர் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். “நாம பேசறது அவருக்குப் புரியுதான்னு சந்தேகமாத்தான் இருக்கு. கொஞ்ச மாசம் போகட்டும். மறுபடி கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்.”

இளையவள் அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தாள். இரண்டாம் மாடி, இரண்டு அறை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மா வந்தார். அக்கா தினமும் மத்தியான இடைவேளையில் போன் பண்ணுவாள். ஆயாம்மா ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் மடியில் வைப்பார். “அப்பா, சாப்பிட்டீங்களா? கால் வலி இருக்கா? நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்கப்பா, நான் யாரு?” அக்காவுக்குக் கேள்விகளுக்கு நடுவே மூச்சு விடுகிற வழக்கம் கிடையாது. வெகுநேரம் கழித்து அப்பா, “சாப்பிட்டேன்” என்பார்.

“பெத்த பொண்ணு நான் யாருன்னு கேக்கறேன்டி, சாப்பிட்டேன்னு சொல்றார்,” என்று சாயங்காலம் தங்கைக்குப் போன் போட்டு அழுவாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவள் இல்லையே அவள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தாள். நல்ல இடம்தான். கீழ்த்தளத்தில் தோட்டம், திறந்த கதவு, விருப்பம்போல் நடக்கலாம். மேல்தளம் நினைவு தப்பியவர்களுக்கு. அங்கே கதவு பூட்டியிருக்கும், சாவி வெளிப்பக்கம். அப்பாவுக்கு மேல்தளம்தான் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் ஒரு தடவை பார்த்து எழுதிக்கொடுத்துவிட்டால் போதும்.

“நீயும் எத்தனை நாளைக்கு இப்படி வெந்து சாவ? அடுத்த வாரம் சனிக்கிழமை வரேன். டாக்டரைப் பாத்துட்டு அப்படியே கூட்டிட்டுப் போயிடறேன்.”

“அப்பாவைப் பூட்டி வெக்கணுமாக்கா?”

“அவருக்குத் தெரியவா போகுது?” என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் குரல் உடைந்ததையும் சொல்லத்தான் வேண்டும். கல்நெஞ்சக்காரி இல்லை அவள். எதையும் முடித்துவிட்டால் தேவலை என்கிற ரகம், அவ்வளவுதான்.

இளையவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வழக்கம்போல.

அந்த வாரம் அலுவலகத்தில் ஒரு சம்பவம் நடந்தது. மலைப் பாதையில் ஓடும் ஒரு வண்டியிலிருந்து பொழுது முழுக்கச் சேதி எதுவும் வரவில்லை. ஒரு வண்டி பேசாமல் இருந்தால் கோடும் அதற்காக நின்றுவிடும். கோடு நின்றால் ஊரிலுள்ள மற்ற வண்டிகளின் அறிக்கையும் நிற்கும். அறிக்கைக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். இதற்கென்று ஒரு வழி உண்டு. பேசாத வண்டியைச் ‘சும்மா நிற்கிறது’ என்று குறித்துவிட்டால், கோடு அதை விட்டுவிட்டு மேலே போகும். அவளும் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துவிட்டு அப்படித்தான் குறித்தாள். கோடு நகர்ந்தது, அறிக்கைக்காரர் முகம் மலர்ந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த வண்டியின் டிரைவர் கையில் ஒரு மெமோவோடு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தார். ஆள் ஆஜானுபாகு. லிஃப்ட் வேலை செய்யாததால் மூச்சும் வாங்கியது, கோபமும் வந்தது.

“நான் அன்னிக்கு வண்டியே எடுக்கலையாமே? அப்ப மேல போன ஜனமெல்லாம் நடந்தா போச்சு? இறங்கும்போது ஒருத்தர் குடையை வேற விட்டுட்டுப் போனார். வேணும்னா குடையைக் கொண்டு வரட்டுமா?”

அவள் அவரை உட்காரவைத்து, கோடு தாண்டிய பிறகு வந்த சேதிகள் போய் விழும் ‘பிந்தியவை’ என்ற தொட்டியைத் திறந்து பார்த்தாள். மலையில் சிக்னல் கோபுரம் பழுதாம். எல்லாம் அங்கே கிடந்தது. ஒவ்வொரு நிறுத்தமும், கதவு திறந்ததும் மூடியதும், அதனதன் நேரம் பிசகாமல். வந்த நேரம் மட்டும்தான் மறுநாள். யாரும் எட்டிப் பார்க்காத தொட்டிக்குள் அந்த வண்டி ஒரு முழுப் பொழுதும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். சேதிகளை எடுத்து அதனதன் இடத்தில் சேர்த்து, அறிக்கையைத் திருத்தச் சொல்லி, மெமோவை வாபஸ் வாங்கவைத்தாள். டிரைவருக்கும் கோபம் இறங்கிவிட்டது. போகும்போது சொன்னார். “உங்களைச் சொல்லிக் குத்தமில்ல மேடம். மேல நான் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்குக் கேக்காது. ஆனா வண்டி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.”

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தால், ஆயாம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

“நாளையிலிருந்து நான் வரலம்மா. வேற ஆள் பாத்துக்குங்க.”

“ஏன் ஆயாம்மா? என்ன ஆச்சு?”

“என்னைப் பிடிக்கலேன்னா நேராச் சொல்லலாமே. தினமும் நீங்க கிளம்பிப் போன பிறகு, துணியை ஊறப் போட்டுட்டு வந்து அவர் எதிர்ல உக்காருவேன். கதவையும் பாப்பார், என்னையும் பாப்பார். ‘போயிட்டு வா’ன்னுவார். நான் எங்கம்மா போறது? இப்பதானே வந்தேன்! சரி, வயசானவர், போகட்டும்னு பொறுத்துக்கிட்டு ஊறின துணியைத் துவைக்கப் போயிடுவேன். இன்னிக்கு மத்தியானம் பக்கத்துல வந்து உக்காந்தா, என்னை அவசரக்குடுக்கைங்கறார். நானா அவசரக்குடுக்கை? அவருக்கு ஒரு வாய் ஊட்ட எவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன் தெரியுமா?”

இளையவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “எப்ப ஆயாம்மா சொன்னார்? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

“என்ன நடக்கும்? உங்க அக்கா போன் பண்ணாங்க. வழக்கம்போல அழுதுட்டு வெச்சாங்க. அதுக்கப்புறம் இவர் தனியாப் பேச ஆரம்பிச்சார். அது தினமும் நடக்கறதுதானே. ‘வலிக்கல’ன்னார். யாரும் கேக்கல. அப்புறமாத்தான் சுவரைப் பாத்துக்கிட்டு, ‘அவசரக்குடுக்கை’ன்னார். அங்க என்னை விட்டா வேற யாரு இருக்கா?”

சாப்பிட்டீங்களா, வலி இருக்கா, நான் யாரு. சாப்பிட்டேன். வலிக்கல. அவசரக்குடுக்கை.

அவள் அப்படியே செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாப் பதிலும் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. பிந்தி வந்திருக்கின்றன, அவ்வளவுதான். இத்தனை மாதமாக எல்லோரும் வந்த நேரத்தைப் பார்த்துத்தான் கணக்கெழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் என்ன கேள்வி இருக்கிறதோ அதோடு சேர்த்துவைத்துப் பார்த்து, மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பொழுது முழுக்க அதே வேலையைச் செய்கிற அவளும்தான். அவர் பாவம், மூடிய கதவுக்கும் வைத்துவிட்ட போனுக்கும் ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் அவள் “போயிட்டு வரேன்பா” என்று ஓடிப்போய்ப் பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, இங்கே அவர் “போயிட்டு வா” என்றிருக்கிறார்.

ஆயாம்மாவைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்து, அடுப்பில் தேநீர் போட்டாள். கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளரை அப்பாவுக்கு எதிரே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா, நம்ம கடை வாசல்ல ஒரு மரம் இருந்துச்சே, அது என்ன மரம்?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் லேசாக அசைந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை கேட்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். பேசாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. ஆயாம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தேநீரில் ஆவி குறைந்தது. பிறகு நின்றது. மேலே ஆடை படிந்தது. தொட்டுப் பார்த்தால் டம்ளர் வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

“மரமா?” என்றார் அப்பா. நாக்கு குழறினாலும் தெளிவாகவே கேட்டது. “கரண்ட் கம்பம்டி அது.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஆமாம், கம்பம்தான்! மரம் இருந்தது எதிர்ப்பக்கத்து அரவை மில் வாசலில். அவள்தான் மறந்துவிட்டாள். நினைவு தப்பியவர் என்று பெயர் வாங்கியவர் அவள் நினைவைத் திருத்துகிறார். ஆயாம்மா பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு புது அளவு புழக்கத்துக்கு வந்தது. ஒரு கேள்விக்கு ஒரு டீ. கேட்டதும் டம்ளரை வைப்பது, அது ஆறும் வரை அடுத்த கேள்வி கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்டால் பதில்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று, பின்னால் நிற்பது இன்னும் பிந்திப்போகிறது என்று கண்டுகொண்டாள். அக்கா போன் பண்ணிய பிறகு அப்பா ரொம்ப மோசமாக இருந்த ரகசியம் அதுதான். “ஆறின டீயாக் குடிச்சுக் குடிச்சு எனக்கு நாக்கே செத்துப்போச்சும்மா” என்று ஆயாம்மா சலித்துக்கொண்டார். ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மத்தியானம் அவர் அப்பாவிடம், “நான் நல்லா சமைக்கறேனாய்யா?” என்று கேட்டு, டீ ஆறும் வரை காத்திருந்து, “பொய் சொல்லவா, நிஜம் சொல்லவா?” என்று பதில் வாங்கியிருந்தார்.

காலையில் இளையவள் முன்பைவிடச் சீக்கிரமே எழுந்தாள். “போயிட்டு வரேன்பா” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்றாள். நின்றாள், நின்றாள், “போயிட்டு வா” வந்தது. அதை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகப் படியிறங்கினாள். தினமும் அப்படியே. இவ்வளவு சந்தோஷமாக அவள் பேருந்துக்கு ஓடியதே இல்லை.

அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா நம்பவில்லை. “நீ ஆசைப்படறதை நீயே கேட்டுக்கறடி. எதையாவது சொல்லிக்கிட்டே இருந்தா அதுல ஒண்ணு ரெண்டு சரியா அமையாதா? சனிக்கிழமை வரேன்,” என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தாள். அப்பாவின் துணிமணிக்குப் பெட்டியும் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டர் அம்மாவின் அறையில் முதலில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. கிழமை என்ன, இது எந்த மாதம், கையைத் தூக்குங்கள் என்று அவர் அடுக்கடுக்காகக் கேட்டார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இளையவள் எச்சில் விழுங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் வாயைத் திறந்தாள்.

“டாக்டர், ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்து பாக்க முடியுமா? கடைசி ஆளா வேணும்னாலும் உக்காந்திருக்கோம்.”

விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. “பதில் மெதுவா வரும்னு தெரியும். இவ்வளவு மெதுவாங்கிறதை நான் பாத்ததில்ல. பாத்துடலாமே. எனக்கும் டீ நேரம்தான்,” என்றார். வெளியில் காத்திருந்த இரண்டு நோயாளிகளையும் பார்த்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். முன்னால் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் தீரட்டும் என்று இளையவள் சொன்னதற்கும் ஒப்புக்கொண்டார். சொன்னபடியே சனிக்கிழமையும் வந்தது, மாதத்தின் பெயரும் வந்தது, நல்ல கை தானாக மேலே எழுந்தது. டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு அக்காவைக் காட்டிக் கேட்டார். “ஐயா, இவங்க யாரு?”

நான்கு டம்ளர் தேநீர் மேசையில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. அக்காவால் உட்கார முடியவில்லை. கைக்கடிகாரத்தைத் தொட்டாள், பையைத் திறந்தாள், மூடினாள். “அப்பா, நான்தான்...” என்று ஆரம்பித்தவளை இளையவள் தொடையில் கிள்ளி நிறுத்தினாள். டீ ஆறியது.

“என் பெரிய பொண்ணு,” என்றார் அப்பா.

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அம்மா ஏதோ எழுதக் குனிந்தார். அப்பா இன்னும் முடிக்கவில்லை. கோணிய வாயில் பழைய சிரிப்பு ஒன்று மெதுவாக ஏறியது.

“அவசரக்குடுக்கை.”

டாக்டர் அம்மா குலுங்கிச் சிரித்துவிட்டார். அக்கா அப்பாவின் மடியில் முகத்தை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதாள். தான் தினமும் கேட்டுக் கேட்டு அழுத கேள்விக்கு, அவர் தினமும் பதில் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் அம்மா கடைசியாக ஒன்று கேட்டார். எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று. அதற்கும் ஒரு டீ ஆறியது. “வீட்டுக்குப் போலாம்” என்றார் அப்பா. நினைவு நன்றாக இருக்கிறது, புரிகிறது, பதில் மட்டும் தாமதம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். காலிப் பெட்டி காலியாகவே வீடு திரும்பியது.

மறுநாள் காலையில் அக்கா ஊருக்குக் கிளம்பினாள். கீழே வாடகைக் கார் வந்து நின்றது. ரயிலுக்கு நேரம் சரியாக இருந்தது. அக்கா அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வரேன்பா” என்றாள். சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே, நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். கீழே ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை. இளையவள் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

“போயிட்டு வா,” என்றார் அப்பா.

இளையவள் கதவைத் திறந்தாள். அவளுடைய கணக்கில் அதுதான் கோடு. அது வந்தாயிற்று, இனிமேல் ஓட வேண்டியதுதான். “அக்கா, வா, நேரமாச்சு,” என்றாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. அப்பா அவள் கையை இன்னும் விடவில்லை. விடுவித்துக்கொள்ள அவளுக்கும் மனமில்லை. மறுபடி ஹாரன் அடித்தது. அவசரமே உருவான அந்த மனுஷி, ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு டீ ஆறும் நேரம் போயிருக்கும். அப்பாவின் வாய் ஒரு பக்கமாக அசைந்தது.

“வரும்போது,” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். “தலையைக் கொண்டு வா.”

அக்காவின் கை தன்னிச்சையாகத் தலைக்குப் போனது.

இளையவள் பையைக் கீழே வைத்தாள். அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் காரைப் போகச் சொன்னாள். இளையவள் அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். எத்தனை காலை! “போயிட்டு வா” வந்ததும் எல்லாம் வந்தாயிற்று என்று நினைத்து, சந்தோஷமாக ஓடியிருக்கிறாளே. அப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“அப்பா, எனக்கும் இதைச் சொன்னீங்களா? நான் போன பிறகு?”

அக்காதான் எழுந்துபோய்த் தேநீர் போட்டுவந்தாள். மூன்று டம்ளரிலும் ஆவி பறந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி நின்றது. ஆடை படிந்தது. அப்பா நல்ல கையைத் தூக்கி, சின்னவளின் உச்சந்தலையில் வைத்தார்.

“தினமும்தான்டி,” என்றார்.

இந்தத் தடவை இளையவள் எழுந்திருக்கவில்லை. ஆறிய தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அப்படியே காத்திருந்தாள். அதுவும் வந்தது.

“அசமந்தம்.”